கழுவிய பெட்ரோல்

பெட்ரோலைத் தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்று சொன்னால் ஓசூரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். நான் கழுவியிருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலில், பட்டப்பகலில், எதிர்வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கப் பார்க்கக் கழுவினேன். "என்னம்மா பண்றீங்க, தெருவே நாறுது" என்று அந்தம்மா கேட்டதற்கு, "முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி லேப்ல நின்னவ நான், எனக்குத் தெரியும், நீங்க உள்ள போங்க" என்று பாய்ந்தேன். அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குடுவை கழுவின உத்தியோகம், ஆனால் வாய் மட்டும் பேராசிரியர் வாய்.

கார் என் வீட்டுக்காரருடையது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வயது அதற்கு. முதுகு உருண்டையாக இருக்கும். பெட்ரோல் டேங்க் முன்னால், எஞ்சின் பின்னால். ரேடியேட்டரே கிடையாது. சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஒரு விசிறி அடிக்கிற காற்றில்தான் அந்த எஞ்சின் சூடு தணிய வேண்டும். தெருப் பிள்ளைகள் அதற்குத் தவளை வண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் வண்டியைப் பிள்ளை மாதிரி வளர்த்தார் என்று சொல்லுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. அவருக்கு எஞ்சின் பிடிக்கும், அவ்வளவுதான்.

அவர் இங்கே ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த எஞ்சினை ஓட்டிப் பார்க்கிற பிரிவில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க அவருக்கு வேலையே காது கொடுத்துக் கேட்பதுதான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அடுப்படியிலிருந்து நான் நாலு தரம் கூப்பிட்டாலும் காதில் விழாது. தெருமுனையில் போகிற லாரியில் எந்த வால்வு தட்டுகிறது என்பது மட்டும் விழும். "என் குரலையும் ஒரு எஞ்சின்னு நெனச்சுக்கிட்டுக் கேளுங்க" என்று எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன். "உன் எஞ்சினுக்குச் சத்தம் ஜாஸ்தி, லோடு கம்மி" என்பார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெட்ரோல் என்றால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் பேச்சு. எந்த மாநிலத்தில் ரெண்டு ரூபாய் குறைகிறதோ அந்தப் பக்கம், கர்நாடக எல்லையில் இருக்கிற ஜூஜுவாடியைத் தாண்டி வண்டிகள் ஓடும், அல்லது அங்கிருந்து இங்கே வரும். அவர் விலை பார்க்க மாட்டார். எந்த பங்கில் விற்பனை அதிகம், எங்கே சரக்கு நாள்பட்டுத் தேங்காது என்று பார்ப்பார். டேங்கர் லாரி நின்று பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தால் உள்ளே நுழையாமலே திரும்பிவிடுவார். "அடி மண்டியெல்லாம் கலங்கியிருக்கும், அப்புறம் வரலாம்." பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்திய காலத்திலிருந்து, வால்வு தேயாமல் இருக்க ஒரு சின்ன பாட்டில் மருந்து வைத்திருந்தார். டேங்க் நிரப்புவதற்கு முன்னால் மூடியில் அளந்து ஊற்றுவார். மழைக்காலத்தில் வண்டி சும்மா நிற்கும்போது பெட்ரோல் கெடாமல் இருக்க இன்னொரு பாட்டில். என் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனது அவருக்குத் தெரியாது. வண்டி மருந்து தீர்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். வலது கை, வலது கால், அதோடு பேச்சும் போய்விட்டது. கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டர் பார்த்தார். "நீங்க பேசுறது எல்லாம் அவருக்குப் புரியுதும்மா. வாயில வார்த்தைதான் வரல. வர வாய்ப்பிருக்கு. பேசிக்கிட்டே இருங்க. அவருக்குப் பிடிச்சதைக் கண்ணுல, காதுல காட்டிக்கிட்டே இருங்க" என்றார். அந்த 'வர வாய்ப்பிருக்கு' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருஷத்தை ஓட்டினேன். ஒரு வார்த்தை. அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், மீதியை நான் இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று இருந்தேன்.

நான் பேசினேன். சாமி, என்ன பேச்சு பேசினேன்! விடிந்ததிலிருந்து விளக்கு அணைக்கிற வரைக்கும், தக்காளி விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, நான் கல்யாணத்தன்று அழுதது, எல்லாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வழி தெரியாமல், அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் காரின் இடதுபக்க சீட்டில் உட்கார வைத்து எஞ்சினைக் கிளப்பினேன். வண்டி ஓட்ட அவரேதான் எனக்கு எப்போதோ தொழிற்பேட்டை ரோட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார். அன்றைக்குப் பதற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டேன். அது காட்டுக்கத்தல் கத்தியது. அவருடைய இடது கை மேலே எழுந்து, உள்ளங்கை கீழே பார்க்க, மெல்லத் தாழ்ந்தது. குறை, குறை.

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதுதான் எங்கள் பூஜை. கை தாழ்ந்தால் குறைக்க வேண்டும், விரல் சுழன்றால் கொஞ்சம் கூட்ட வேண்டும், கட்டை விரல் நிமிர்ந்தால் சரியாக ஓடுகிறது என்று பொருள். கை பேச ஆரம்பித்துவிட்டது, வாய் எவ்வளவு நாள் சும்மா இருக்கும் என்று நினைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் வண்டியில் பெட்ரோல் வாடை வந்தது. பின்னால் திறந்து பார்த்தால் எஞ்சின் மேல் ஈரம். ஜூஜுவாடியில் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக் பாயை வரச்சொன்னேன். என் வீட்டுக்காரருக்குப் பழக்கம், பழைய வண்டிகளில் கை வைத்தவர். அவர் ஒரு ரப்பர் குழாயை உருவி என் கையில் கொடுத்தார். ஊறின அப்பளம் போல நசநசத்தது.

"பழைய ரப்பருங்கம்மா. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருபது சதவீதம் கலக்குறாங்க இல்லைங்களா, அது இதைத் தின்னுப்புடும். சூடான எஞ்சின் மேல ஒழுகுனா வண்டியே பத்திக்கும். நல்லவேளை பார்த்தீங்க."

"இப்ப என்ன பண்றது பாய்?"

"குழாய் எல்லாம் புதுசு மாத்திடறன். பெங்களூர்ல சில பங்க்ல எத்தனால் கலக்காத, விலை கூடுன ஸ்பெஷல் பெட்ரோல் விக்கிறாங்க, அதைப் போட்டா எஞ்சினுக்கு நல்லது. கெடைக்கலன்னா இதையே போடுங்க, கூட அரிக்காம இருக்க இந்த மருந்தை ஒரு மூடி ஊத்துங்க. அண்ணன் இருந்தா அவரே சொல்லுவாரு" என்று ஒரு பாட்டிலை நீட்டினார். அண்ணன் அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஸ்பெஷல் பெட்ரோலைத் தேடி எல்லை தாண்டிப் பக்கத்தில் இருக்கிற பங்க் வரைக்கும் போனேன். "ஸ்டாக் இல்லம்மா, நாளெ பன்னி" என்றார்கள். நாளைக்கு வாருங்கள் என்று கன்னடத்தில் மூன்று நாள் கேட்டாகிவிட்டது. பெங்களூருக்குள் போய்வர அரை நாள் ஆகும். அரை நாள் அவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? சரி, அந்த மருந்தையாவது ஊற்றியிருக்கலாம். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. "இதென்ன மருந்தா, கோயில் தீர்த்தமா?" என்று பரணில் தூக்கிப் போட்டேன். கொழுப்பு. வேறென்ன சொல்ல?

எனக்கு லேப் ஞாபகம் வந்தது. எத்தனால் என்றால் சாராயம். சாராயம் தண்ணீரோடு சேரும், பெட்ரோல் சேராது. அளவுக்குடுவையில் பெட்ரோலை ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தேன். கீழே தங்கின தண்ணீரின் அளவு ஏறியிருந்தது. பெட்ரோலை விட்டுச் சாராயம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. என் கண் முன்னால்! இதைக் குடுவையில் செய்ய முடிந்தால் கேனில் செய்ய முடியாதா? தண்ணீர் விட்டுக் குலுக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கும் பெட்ரோலை மட்டும் ட்யூப் வைத்து இறக்கினால் பழைய காலத்துப் பெட்ரோல் கிடைத்துவிடும். பாய்க்குத் தெரியாதது, பங்க்காரனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று தலைகால் புரியவில்லை.

வாசலில் கேன்களை வரிசையாக வைத்துக் கழுவினேன். அவர் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். இடது கையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். தாழ்த்தவில்லை, சுழற்றவில்லை, பக்கவாட்டில் வீசி வீசி ஆட்டினார். "பார்த்தீங்களா உங்க பொண்டாட்டி கெட்டிக்காரத்தனத்தை" என்றேன். அவர் நல்ல காலை நீட்டி ஒரு கேனை எட்டி உதைத்தார். அது கவிழ்ந்து அவ்வளவும் தரையில் ஓடியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்பதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. "இருக்கிறது ஒரே ஒரு கால், அதுவும் உதைக்கத்தானா?" என்று கேட்டேன். அவருக்கு எல்லாம் புரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். நான் மீதிக் கேன்களைக் கழுவி முடித்தேன்.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரி டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. எப்போதும் வாடகைக் காரில் போவோம். அன்றைக்கு, கழுவின பெட்ரோலை நிரப்பி, நம் வண்டியிலேயே போகலாம் என்று கிளம்பினேன். போகும்போது பெரும்பாலும் இறக்கம், வண்டி பூ மாதிரி போனது. டாக்டர் முன்பு சொன்னதையே சொன்னார். திரும்பும்போது உச்சி வெயில். மாங்காய் லோடு ஏற்றின லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. மேலுமலை ஏற்றத்தில் ஒரு லாரியை முந்த ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. சைலன்சரில் ஏதோ கழன்று ஆடுகிறது, ஓசூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவருடைய இடது கை எழுந்து தாழ்ந்தது. மறுபடியும் தாழ்ந்தது. எனக்கு லாரி மேல்தான் கண்.

"நிறுத்து."

யார் பேசினது என்று ஒரு கணம் விளங்கவில்லை. வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். குரல் கரகரத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"என்னங்க? என்னங்க சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!"

"நிறுத்து."

நான் நிறுத்தவில்லை. இதைத்தான் எழுத வேண்டும் என்று இவ்வளவும் எழுதுகிறேன். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் வாயும் நின்றுவிடும் என்று பயந்தேன். இரண்டு வருஷம் தவம் கிடந்து வாங்கின வார்த்தை அது. அவர் எஞ்சினைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது, அந்தச் சத்தத்தால்தான் பேசுகிறார் என்பதும் தெரிந்தது. சத்தம் இருக்கிற வரைக்கும் பேசுவார் என்றுதான் என் புத்தி ஓடியது. சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், "சொல்லுங்க, சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே, காலை எடுக்காமல் மிதித்தேன்.

"நிறுத்துடி!"

அந்த 'டி' கேட்டதும் எனக்குப் பழைய ஆள் முழுசாகத் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. மாரியம்மா, வந்துட்டார்! அடுத்த வளைவில் பின்னால் மடார் என்று ஒரு சத்தம், குப்பென்று புகை. எஞ்சின் இழுவை போய், வண்டி தானாக ரோட்டோரம் உருண்டு நின்றது.

எல்லாம் அமைதியாகிவிட்டது. சூட்டில் இரும்பு மட்டும் டிக் டிக் என்று சொடுக்கிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் இருந்த கைப்பிடியை இடது கையால் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். ஓசை இல்லாமல், வாய் கோணி, அழுதுகொண்டிருந்தார். "பேசுங்க" என்றேன். "ஏங்க, என்னைத் திட்டவாவது திட்டுங்க." அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

பாய் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், மறுநாள் எஞ்சினைப் பிரித்தார். மூன்றாவது பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. "சூடு இந்த மூணாவதுலதான் ஜாஸ்திங்கம்மா. ஆனா இப்படி ஓட்டை விழணும்னா ரொம்ப நேரம் தட்டியிருக்கணும். சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சு பாய்." பிறகு கழுவின கதையைச் சொன்னேன்.

பாய் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "கழுவுனீங்களா? பெட்ரோலையா? அய்யோ, ஏம்மா! எத்தனால் ரப்பரைத் தின்னுதுதான், வாஸ்தவம். ஆனா எஞ்சின் தட்டாம பெட்ரோலுக்குத் தெம்பு குடுக்கறதும் அதுதாங்க. அது இருக்குன்னு நம்பித்தான் கம்பெனிக்காரன் மீதிப் பெட்ரோலையே லேசாப் பண்றான். நீங்க அதைப் புடிச்சு வெளிய ஊத்திட்டீங்க. மிச்சம் இருந்தது வெறும் சக்கைங்கம்மா. இது அண்ணனுக்குத் தெரியுமே, அவரு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. அதற்குத்தான் கையை ஆட்டினார். அதற்குத்தான் உதைத்தார்.

எஞ்சினைச் சரிபண்ண ஆறு வாரம் ஆனது. பாயே பெங்களூரிலிருந்து ஸ்பெஷல் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார். பரணிலிருந்து பாட்டிலை எடுத்து, அளவு மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கலந்தேன். எஞ்சின் புதுப்பிள்ளை மாதிரி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். கை எழவில்லை. வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை அழுத்தி அலறவிட்டேன். கை மடியிலேயே கிடந்தது. மூன்று ஞாயிறு இப்படியே போனது.

நாலாவது வாரம் நான் செய்ததை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. சாதாரணப் பெட்ரோலை வாங்கி மறுபடியும் கழுவினேன். இந்தத் தடவை தெரிந்தே. இந்தத் தடவை அவருக்குத் தெரியாமல், கொல்லைப்புறத்தில். டேங்கில் இருந்ததை இறக்கிவிட்டு இதை ஊற்றி, அவரைக் கூட்டிக்கொண்டு மேலுமலைக்கு இறங்கி, அதே ஏற்றத்தில், அதே உச்சி வெயிலில் மிதித்தேன். ஒரு வண்டி போனால் போகட்டும். எத்தனை பிஸ்டன் வேண்டுமானாலும் ஓட்டையாகட்டும். எனக்கு அந்த வார்த்தை வேண்டும்.

தகர டப்பாச் சத்தம் வந்தது. அவருக்கும் கேட்டது. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுக்க வெளுக்க இறுகின. நான் ரோட்டைப் பார்க்காமல் அவர் உதட்டையே பார்த்தேன். "சொல்லுங்க" என்றேன். "ஒரே ஒரு தடவை சொல்லுங்க, உடனே நிறுத்திடறேன். சத்தியமா." அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கோபம் இல்லை. பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்று தடவை சொல்லியும் கேட்காதவளிடம் நாலாவது தடவை எதற்குச் சொல்ல வேண்டும்?

நானே நிறுத்தினேன். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, எஞ்சின் ஆறுகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய இடது கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்விதான் கேட்டார்கள். "கடைசியா ஏதாச்சும் பேசுனாரா?" அவருடைய தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, "'சாப்பிட்டியா'ன்னு கேட்டார்" என்று சொல்லிவிட்டேன். அவள் வாய்விட்டு அழுதாள். வாசலில் நின்றிருந்த பாய்க்கும் அது கேட்டிருக்கும். காரின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்து மழை படாமல் மூடினார். மேலுமலையில் மூன்று தடவை என் வீட்டுக்காரர் பேசினதும் நான் கேட்காமல் போனதும் பாய்க்கும் தெரியாது.